கூழைக்கடாக்கள் போன இடம்

தாயி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு நான் "சரி" என்று சொல்லிவிட்டேன். அந்தச் சரியை நம்பாதே. போனை வைத்த பிறகு வடித்த சோறு வடித்தபடியே கிடந்தது. ராத்திரி அதில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தேன். கம்பத்தில் ஏறி இறங்கியே காலத்தை ஓட்டிய லைன்மேன் நான். கம்பியைத் தொட்டுப் பார்க்காமலே கரண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்தப் பக்கத்தில் என் மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று போனில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வெயில் எப்படி, சாப்பிட்டியா, மாப்பிள்ளை சுகமா. இந்த மூன்றைத் தாண்டி என் வாயும் போகாது. அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ சொன்னது இதுதான்: "அப்பா, பேறுகாலத்துக்கு நான் அங்க வரல. இங்கனயே பாத்துக்கிடுதேன். ஆஸ்பத்திரி எல்லாம் நல்லா இருக்கு." நான் காரணம் கேட்கவில்லை. நீயாகவே பைய சொன்னாய்: "நான் வந்து, பெறவு குளத்துல ஏதாவது குறைஞ்சா, திரும்பவும் என்னயத்தான சொல்லுவாவ?" சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மூச்சிலேயே, இங்கிலாந்தில் நீ பறவைக் கணக்குப் பார்க்கிற ஆபீஸ் பேச்சுக்குத் தாவிவிட்டாய். கூழைக்கடாப் பறவையின் நிலையை மறுபடி பரிசீலிக்கிறார்களாம், நம் குளத்தில் இந்த வருஷம் எத்தனை கூடு இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம்! தன் பிள்ளையைப் பெற வரமாட்டாளாம், கூழைக்கடா பெற்றதை மட்டும் அப்பன் எண்ணிச் சொல்லணுமாம். "வேணும்னா வந்து எண்ணிக்கோ" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அதில் கோபம் பாதிதான், தாயி. மீதி ஆசை.

இந்தக் கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி அனுப்பப் போவதில்லை. உனக்கு ஒரு பிரதி வரும். இன்னொன்றை இந்த வருஷக் கோயில் கொடைத் திருவிழா மலரில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். "வீட்டுச் சங்கதிய ஊருக்கு ஏன் அவுத்து விடுதீரு?" என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும். உன்னைப் பழி சொன்னது ஊர் கேட்கச் சொன்னது. அதற்கான பதிலும் ஊர் கேட்கத்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன், உன் வயிற்றில் இருப்பதற்குத் தெரியாதே. மணிமுத்தாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்து குளம் நிறைந்தால், மார்கழி தை வாக்கில் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இடம் போதாமல் ஊருக்குள் வீட்டுப் பின்புறத்து மரங்களிலும் கூடு கட்டும். நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். மீன் கவிச்சி சோற்றில்கூட ஏறும். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வரும் பெண்கள் முதல் மாசம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அலைவார்கள். உன் அம்மாவும் அப்படித்தான் அலைந்தாள். ஆனால் ஒருத்தர் ஒரு கல்லை எடுத்து எறிய மாட்டார்கள். "பேறுகாலத்துக்கு வந்த பிள்ளையள யாராவது வெரட்டுவாவளா?" என்பார்கள். அதனால் தீபாவளிக்கு வெடி கிடையாது. கொடைக்கு வாணம் கிடையாது. எவ்வளவு பெரிய சாவாக இருந்தாலும் வேட்டுச் சத்தம் இல்லாமல்தான் பாடை போகும். மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடுவதும் உண்டு. நீ அப்படி ஒன்றை வளர்த்தாய். சிறகு முளைத்த பிறகும் அது போகாமல் உன் ரெட்டைச் சடையைக் கொத்திக்கொண்டே திரிந்தது. "இதுக்கும் சேத்து ஒரு மாப்பிள்ளை பாருங்க, ஒரே செலவா முடிச்சிருவோம்" என்று உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த அம்மா உன் கல்யாணத்தைப் பார்க்க இருக்கவில்லை. அவள் இருந்திருந்தால் அன்றைக்கு நடந்தது நடந்திருக்காது என்று சில நேரம் தோன்றும். ஒவ்வொரு விஷயத்தையும் எல்லாரிடமும் மூன்று தடவை சொல்லுகிற ஆள் அவள். நான் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தியிடம் ஒரு தடவை சொன்னேன், "எங்க ஊர்ல வெடி மட்டும் வேண்டாம்" என்று. மதுரைக்காரர், நல்ல மனுஷன், தன் சொந்தக்காரர் எல்லாரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். ஆனால் மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் தனி வேனில் வந்தார்கள். அவர்களுக்கு யார் சொன்னார்கள்? கல்யாண மாப்பிள்ளையை வெடி இல்லாமல் அழைப்பதா என்று ஒரு நீளச் சரத்தைத் தெருமுனையில் பற்றவைத்துவிட்டார்கள். தை மாசம். எல்லாக் கூட்டிலும் முட்டை. குளம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழும்பி வானத்தில் நின்றது. நீ மாலையும் கழுத்துமாக வாசலில் நின்று போட்டோக்காரரைப் பார்க்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். பறவைகள் திரும்பி வந்து உட்காருவதற்குள் காக்கைகள் வேலையைக் காட்டிவிட்டன. மரத்தடியில் முட்டை ஓடு கிடந்ததைத் தெருவே பார்த்தது. அந்தப் பையன்கள் பாவம், முகம் வெளிறிப்போய் நின்றார்கள். ஒருவன் அழுதேவிட்டான். நீதான் கல்யாணப் பெண் என்பதையும் மறந்து அவனைத் தேற்றப் போனாய்.

பறவைகள் சாயங்காலத்துக்குள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன. அந்த வருஷம் மிஞ்சிய முட்டைகளில் குஞ்சும் பொரித்துப் பறந்தன. விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த வருஷம் மழை பொய்த்தது. கால்வாயில் தண்ணீர் நம் ஊர் வரைக்கும் எட்டவில்லை. குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு கூழைக்கடாகூட வரவில்லை. நீ தலைப்பொங்கலுக்கு வந்து குடத்தோடு தெருக் குழாயில் நிற்கிறாய், பத்துப் பெண்கள் பார்க்க உன் பெரியத்தை, என் கூடப்பிறந்த அக்கா, வாயைத் திறந்தாள்: "இவ தாலி கட்டுன அன்னைக்கு வெடியக் கேட்டுப் போன பிள்ளையள்தான், இன்னும் திரும்பல. பேறுகாலத்துக்கு வந்ததுவள வெரட்டுனா வெரட்டுனவளுக்கு என்ன வெளங்கும்?" நான் அப்போது ஊரில் இல்லை, நாங்குநேரியில் வேலையாக இருந்தேன். நீ குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாயாம். சாயங்காலம் நான் வந்தபோது உன் பெட்டி கட்டியிருந்தது. பிறகு மாப்பிள்ளைக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது, உனக்கும் அங்கேயே கிடைத்தது. அன்றைக்குப் போனவள்தான் தாயி நீ.

நான் அக்கா வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டேன். "ஏலே, நான் பொய்யா சொன்னேன்? வெடி போட்டது நெசந்தானே? பறவ வராததும் நெசந்தானே?" என்றாள். இரண்டும் நிஜம்தான். நடுவில் இருக்கிற கயிறுதான் அவளாகத் திரித்தது. அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே தெரு, எதிரும் புதிருமாக வருவோம், அவள் முக்காட்டை இழுத்துக்கொள்வாள், நான் குளத்தைப் பார்ப்பேன்.

நீ படிக்கிற காலத்தில் விடுமுறைக்கு வந்தபோது, மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து உன் படிப்பை எனக்கு விளக்கினாயே, அதைத்தான் அந்த நாட்களில் திரும்பத் திரும்ப நினைத்தேன். உலகத்து உயிர்களுக்கெல்லாம் ஒரு சிவப்புப் பட்டியல் இருக்கிறது, அதில் படிகள் உண்டு, ஒவ்வோர் உயிரையும் ஒரு படியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாய். கூழைக்கடா ஒரு காலத்தில் ஆபத்தில் இருப்பவற்றின் படியில் நின்றதாம். பிறகு ஒரு படி தள்ளி, ஆபத்தை நெருங்கியிருப்பவற்றோடு சேர்த்தார்களாம். "அப்போ பெருகிட்டுன்னு சொல்லு" என்றேன் நான். "அவசரப்படாதீங்கப்பா" என்றாய். கூடுகட்டும் இடங்களை ஊர்க்காரர்கள் காப்பாற்றியதால் குறைவது நின்ற இடங்களும் உண்டு. அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத குளங்களுக்கும் காடுகளுக்கும் போய் எண்ணியதால் "அட, இங்கேயும் இருக்கே" என்று தெரிந்த இடங்களும் உண்டு. முதலாவதில் பறவையின் நிலை மாறியது, இரண்டாவதில் நமக்குத் தெரிந்தது மட்டும் மாறியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றாய். ஒரே இனம் என்று நினைத்தது இரண்டு இனம் என்று தெரிய வந்தால், ஒரு பெரிய கூட்டம் இரண்டு சின்னக் கூட்டமாகி, அதனாலேயே படி மாறுவதும் உண்டாம். ஒன்றுகூடச் சாகாமல் ஆபத்துப் படிக்குப் போய்விடுமா என்று நான் வாய்பிளந்தது நினைவிருக்கிறதா?

கழுகுக் கதையையும் அன்றைக்குத்தான் சொன்னாய். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், செத்த மாட்டைக் காட்டில் போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் பந்திக்கு வந்ததுபோல உட்கார்ந்திருக்கும். பிறகு ஒரு நாள் பார்த்தால் ஒன்றையும் காணோம். எங்கே போச்சு என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். கலி முத்திட்டு என்றார் பூசாரி. செல்போன் டவர் என்றார்கள் இளவட்டங்கள். உயர் அழுத்தக் கம்பிதான் என்று லைன்மேன் என்னையே ஒருவர் குறை சொன்னார். கடைசியில் என்ன? நம் மாட்டுக்கு வலிக்கிறதே என்று இரக்கப்பட்டு ஊசி போட்டோம், அந்த மருந்து ஊறின மாட்டைத் தின்ற கழுகு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. எங்கு பார்த்தாலும் இருந்த பறவை, அழிவின் விளிம்புப் படிக்கு மளமளவென்று போய்ச் சேர்ந்தது. காரணம் தெரியாத இடத்தில் மனுஷன் ஓர் ஆளைத்தான் தேடுவான், தாயி. உன் பெரியத்தை தேடினாள், நீ கைக்கு எட்டுகிற தூரத்தில் குடத்தோடு நின்றாய். அங்கே உன் ஆபீஸிலும் வீட்டிலும் நாளைக்கு யாராவது எதையாவது உன் தலையில் கட்ட வந்தால், அழுதுகொண்டு வாங்கிக்கொள்ளாதே. கழுகு போன காரணத்தைக் கேட்டதுபோல என்ன, ஏது என்று நின்று கேள்.

நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த வழியில் கேட்டேன். கூழைக்கடா இருக்கிற ஊரில் லைன்மேனுக்குத் தூக்கம் கிடையாது என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். எச்சம் ஊற்றிக் கம்பத்துப் பீங்கான் நனைந்து கரண்டு போகும், குஞ்சுகள் பறக்கப் பழகும்போது கம்பியில் வந்து இடிக்கும். பறவை வராத அந்த வருஷம் நம் ஊரில் கரண்டு போகவே இல்லை. ஊரே இருட்டாக இருந்திருந்தால்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த லைன்மேன்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். "எங்கனயாவது காரணம் இல்லாம லைன் போவுதா வே?" எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஏரல் பக்கத்து ஆள் ஒருவர் மட்டும், "அதை ஏன் கேக்கிய அண்ணாச்சி, இங்கன தெனமும் ஏறி எறங்குதேன். ஏதோ பெரிய பறவையாம், ஒரே எச்சம்" என்று அலுத்துக்கொண்டார். நான் அவர் அலுப்பைக் கேட்டுவிட்டு இங்கே எழுந்து நின்று கும்பிட்டேன்.

மறுநாளே மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஏரல் உன் அம்மா பிறந்த ஊர், எனக்குப் புது இடம் இல்லை. அங்கே ஆறு கடைசியாகப் பாயும் குளங்களில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஒரு குளத்தின் நடுவில் நின்ற மரங்கள் பூராவும் நம் கூழைக்கடாக்கள். கரையில் டீக்கடை. கடைக்கார அண்ணாச்சியிடம் வாய் நிறையச் சொன்னேன், "இது எங்க ஊருப் பறவ வே." அவர் டீயை ஆற்றிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "அப்படியா? எதுமேல உங்க ஊரு பேரு எழுதியிருக்கு, காட்டும் பாப்போம்." பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. வெடி போடக் கூடாது, கல் எறியக் கூடாது, குஞ்சு விழுந்தால் எடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்று பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "கொடைக்கு வாணம் சொல்லி வச்சிருந்தோம். பொம்பளையள் எல்லாம் கூடி வேண்டாம்னுட்டாளுவ. குஞ்சு பொரிச்சிருக்க எடத்துல வெடியான்னு." எனக்கு ஆச்சரியம். "யாரு வந்து சொன்னா உங்களுக்கு?" என்றேன். "இதுக்கு ஒருத்தர் வந்து வேற சொல்லணுமா வே? பேறுகாலத்துக்கு ஒரு பிள்ள வந்து நிக்கின்னா, எந்த ஊருன்னு கேட்டுட்டா கஞ்சி ஊத்துவோம்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷத்தைவிடப் பொறாமைதான் முதலில் வந்தது. நம்மைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த ஒன்று ஒரு டீக்கடை பெஞ்சுக்கே தெரிந்திருந்தது. பிறகு கரையில் போய் உட்கார்ந்தேன். குஞ்சுகள் தீனிக்குக் கத்துகிற சத்தம், தாய்ப்பறவை அலகைத் திறந்து கொடுக்க அதன் தொண்டைக்குள்ளேயே தலையை விட்டுக் குஞ்சு தின்பது, எல்லாம் அப்படியே நம் குளம். வெயில் சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். நம் ஊர்ப் பட்டியலில் அந்த வருஷம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒன்றும் அழியவில்லை. தண்ணீர் இருந்த இடத்துக்குப் போயிருந்தன, அவ்வளவுதான். "ஒரு குளத்தை மட்டும் பாத்துட்டு முடிவு சொல்லக்கூடாது அப்பா" என்று நீ சொல்வாய். அந்தக் கரையில் உட்கார்ந்து நான் உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்து எல்லாரிடமும் சொன்னேன். பாதிப் பேர் நம்பினார்கள். உன் பெரியத்தை என்னிடம் நேராகப் பேசாமல், பக்கத்தில் நின்ற ஆட்டிடம் பேசினாள்: "கூழைக்கடா எல்லாத்துக்கும் ஒரே மூஞ்சிதான். இவன் ஆதார் கார்டு வாங்கிப் பாத்தானாக்கும்!" உன்னிடம் போனில் சொன்னபோது, "தெரியும்ப்பா, அப்படித்தான் இருக்கும்" என்றாய். உனக்குத் தெரியும்தான். தெரிந்தாலும் வலிப்பது நிற்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பறவைகள் எங்கே போயின என்று கண்டுபிடித்துவிட்டால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கையோடு இருந்தேன்.

பிறகு நல்ல மழை பெய்தது. கால்வாயில் தண்ணீர் வந்தது, கூழைக்கடாக்களும் வந்தன. இந்த வருஷமும் வந்திருக்கின்றன. எத்தனை கூடு என்று கேட்டாயே, நான் எண்ணவில்லை. நான் கம்பத்தில் ஏறி நின்று மரம் மரமாகச் சொல்ல, நீ கீழே நின்று விரலை மடக்கி எண்ணுவாய். விரல் தீர்ந்தால் காலில் இருக்கிற செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரலையும் சேர்ப்பாய். அந்த ஆள் இல்லாமல் எனக்கு எண்ண மனசு வரவில்லை. காலையில் கரைக்குப் போவேன், பார்ப்பேன், நிறைய இருக்கிறது என்று வந்துவிடுவேன். நிறைய என்பது உங்கள் பட்டியலுக்கு உதவாது என்று தெரியும். எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள், அதையும் மூன்று தலைமுறைக் காலத்தை அளவாக வைத்துப் பார்ப்பார்கள் என்று நீதானே சொன்னாய். அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் அம்மா பெற்றது ஆறு. நான் பெற்றது ஒன்று. அந்த ஒன்றும் இங்கிலாந்தில். உன் கணக்குப்படி பட்டியலில் முதலில் ஏற வேண்டியது நம் குடும்பம்தான்.

நீ பிறந்த கதையை உனக்கு நான் சரியாகச் சொன்னதில்லை. உன் அம்மாவை ஏழாம் மாசம் வளையல் போட்டு ஏரலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலைப்பிள்ளை தாய்வீட்டில்தானே. பேருந்து கிளம்பும்போது அவள் ஜன்னல் வழியாகக் கையாட்டினாள், முகம் முழுக்கச் சந்தோஷம். பேருந்து மறைந்ததும் நான்தான் நின்று அழுதேன். வெட்கக்கேடு, இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போவேன். மாமியார் வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, அவளை உள்ளே உட்காரவைத்து அம்மா, சித்தி, அக்கா என்று சுற்றி ஏழெட்டுப் பேர் அவள் காலைப் பிடித்துவிடுவதும் தலை வாரிவிடுவதுமாக இருப்பார்கள். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். நான் பொருமிக்கொண்டு கடைசிப் பேருந்துக்கு வருவேன். பிற்பாடு ஒரு நாள் அவள் சொன்னாள், "அந்த ரெண்டு மாசத்துல நான் யாருக்கும் எதுவுமே செய்யல. எல்லாரும் எனக்குச் செஞ்சாவ. ஒரு பொம்பளைக்கு ஆயுசுல அது ஒரு தடவதான் கெடைக்கும்." அதை உனக்குக் கொடுக்க அவள் இல்லை, தாயி. ஆனால் கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. காலைப் பிடித்துவிட எனக்குத் தெரியும். சோறு வடிப்பேன். பத்தியக் குழம்பு பழகிக்கொள்வேன். உன் வீட்டில் நீ யாருக்கும் எதுவும் செய்யாமல் சும்மா படுத்துக் கிடப்பதை நான் பார்க்க வேண்டும். இதுதான் எனக்கு வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. அங்கே உன்னை நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குச் சந்தேகமே கிடையாது. எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டா வைத்தியம் பார்க்கிறார்கள்? ஆனாலும் ஏக்கம் இருக்கிறதே, அது நியாயம் பார்த்து வருவதில்லை.

நீ வரவில்லை என்று சொன்ன மறுநாள், திங்கட்கிழமை, நான் வீம்புக்கு வள்ளியூர்ச் சந்தைக்குப் போனேன். நாட்டு மருந்துக் கடையில் நின்று, "பேறுகால மருந்துக்கு உள்ள சாமானெல்லாம் கொடும்" என்றேன். கடைக்காரர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஆம்பள வந்து வாங்குத சாமானா வே இது? வீட்ல பொம்பளையள் இல்லையா?" இல்லை என்றேன். "எத்தனாவது மாசம்?" சொன்னேன். "இப்பவே வாங்கி என்ன செய்யப் போறீரு, வண்டு விழுந்துரும்" என்றார். பரவாயில்லை கொடும் என்று சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாவற்றையும் கட்டி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கருப்பட்டியும் வாங்கினேன். சந்தைக்கு வந்த நம் ஊர்ப் பெண்கள் நான் வாங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். நான் வீடு வந்து சேருமுன்னே செய்தி ஊர் வந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டுகிற சத்தம். திறந்தால் உன் பெரியத்தை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு என் வாசலில் நிற்கிறாள், இடுப்பில் ஒரு சல்லடை. "எங்கலே சாமான்?" என்று கேட்டுக்கொண்டே என்னைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தாள். பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முகர்ந்து பார்த்தாள். "இது திப்பிலியா? ஏமாத்திட்டான் ஒன்னய. இந்தச் சுக்கை ஆடுகூடத் திங்காது." திட்டிக்கொண்டே போனவள், "பிள்ள எப்ப வருதா?" என்றாள். வரவில்லை என்றேன். கை நின்றுவிட்டது. சுக்கை விரலால் உருட்டினாள். "நான் அன்னைக்குக் குழாயடியில சொன்னதாலயா?" என்றாள். நான் திரும்பி அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் என் அக்கா அழுது பார்த்தது எங்கள் அம்மா செத்த அன்றைக்குத்தான்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, ஏரல் பக்கம் போய்ப் பார்த்ததைச் சொல்லச் சொன்னாள். ஊர் முழுக்க நான் சொல்லி முடித்த கதையை, ஒன்றுமே தெரியாதவள்போல முதலிலிருந்து கேட்டாள். டீக்கடைக்காரர் சொன்னதை இரண்டு தடவை சொல்ல வைத்தாள். "அந்த மனுசனுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமப் போச்சே" என்றாள். நான் பேனாவை எடுத்தேன், இதை உனக்கு எழுதிவிடலாம் என்று. சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னது தப்புன்னு அதுல எழுதாதலே." எனக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் வீம்பா, அக்கா, என்று கத்தினேன். அவள் கையை விடவில்லை. "வீம்பு இல்ல. நீ எழுதுனா அவ படிச்சிட்டு, சரின்னு மடிச்சு வச்சிருவா. பத்துப் பேர் நிக்கையில அவ மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். மூஞ்சியப் பாத்துத்தான் திருப்பி வாங்கணும். அவ இங்கன வந்தா அதே குழாயடியில வச்சு சொல்லுதேன். வரலைன்னா என்னய அங்கன கூட்டிட்டுப் போ."

"அங்கன எங்க தெரியுமா? கடல் தாண்டிப் போகணும்" என்றேன். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்குப் போனபோது கடலைப் பார்த்ததோடு சரி அவள். "ஏன், நான் நீந்தியா போகப்போறேன்? பிளேன்ல எல்லாரும்தான போறாவ" என்று எழுந்து, சுக்கைச் சல்லடையில் கொட்டிக்கொண்டு போய்விட்டாள். இன்றைக்குக் காலையில் பாளையங்கோட்டைக்குப் போய் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம். படம் எடுக்கிற பையன், "சிரிக்காதீங்க ஆச்சி" என்று சொல்ல, "எனக்கு எங்க சிரிப்பு வருது" என்றாள்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். தப்பு என்று அவள் சொன்னதாக நான் எழுதவில்லை, கவனித்துக்கொள். அதை உன் முகம் பார்த்துச் சொல்ல அவள் வைத்திருக்கிறாள். நீ இங்கே வந்து வாங்கிக்கொள்வாயா, இல்லை நாங்கள் அங்கே வந்து கொடுக்க வேண்டுமா? அதை மட்டும் சொல்லு, தாயி. எப்படியானாலும் மருந்து இடிக்க ஆரம்பித்தாயிற்று.

உன் அப்பா,
பக்கத்தில் உட்கார்ந்து "என்னலே எழுதுத, உரக்கப் படி" என்று கேட்டுக்கொண்டிருக்கும் உன் பெரியத்தையும்.